கார் ஓட்டக் கற்க எது சரி: தெருமுனை ஸ்கூலா, சிமுலேட்டர் வகுப்பா, வீட்டு வண்டியா?

எங்கள் குடும்பத்தில் மூன்று வழியிலும் கற்றவர்கள் இருக்கிறோம். நான் தெருமுனை டிரைவிங் ஸ்கூலில் கற்றேன். தங்கை, கார் கம்பெனி நடத்தும் பள்ளியில். மாமா மகனுக்கு அவன் அப்பாவே சொல்லிக்கொடுத்தார். மூன்றையும் நான் எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: கியர் மாற்றவும் வண்டியைக் கிளப்பவும் மிதிக்கும் கிளட்ச் யார் காலில் இருக்கிறது?

தெருமுனை ஸ்கூலில் மாஸ்டரின் காலடியிலும் பிரேக், கிளட்ச் உண்டு. குறுக்கே யாராவது ஓடிவந்தால் அவர் நிறுத்திவிடுவார். முதல் வாரத்தில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. ஆனால் அங்கேதான் சிக்கலும். நான் போன இடத்தில் சிக்னலில் வண்டியைக் கிளப்பியதெல்லாம் மாஸ்டரின் கால். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். லைசென்ஸ் வாங்கி, முதல்முறை தனியாகக் கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது நெரிசலில் நின்றேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருண்டது. ஒட்டி ஓர் ஆட்டோ. ஹேண்ட் பிரேக்கை இழுத்துத் தப்பித்தேன். அந்தப் படபடப்பு வேறு யாருக்கும் வரக்கூடாது.

அதனால் ஐந்தாம் நாளிலேயே, "அண்ணா, நீங்க காலை எடுத்துடுங்க, ஆஃப் ஆனாலும் பரவாயில்லை, நானே எடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கவும் கேட்டுப் பழகுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டபடி கிளட்சை மெல்ல விட்டால் ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் மாறி, வண்டி லேசாகத் துடிக்கும். அப்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி ஹேண்ட் பிரேக்கை விட்டால் உருளாது. சென்னையில் மேம்பாலமும் சுரங்கப்பாதையும் இல்லாமல் எங்கே போக முடியும்?

நேரக் கணக்கும் முக்கியம். இலகுரக வாகனத்துக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, 10 மணி நேரம் ஓட்டுதல் என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். பின்சீட்டில் இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் அரை மணி வகுப்பில் உங்கள் கைக்கு எவ்வளவு வரும்? சேரும் முன்பே கேளுங்கள். 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதியில் 29 மணி நேரம். அதில் 21 மணி நேரம் ஓட்டுவதற்கே. ஒரு பேக்கேஜ் போதுமா என்று பார்க்க இந்தக் கணக்கு உதவும்.

தங்கை போன பள்ளியில் கட்டணம் கூடுதல். சாலைக் குறியீடுகளைப் பொறுமையாகச் சொல்லித்தந்தார்கள்; திரையைப் பார்த்து உட்கார்ந்த இடத்திலேயே ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் பயமில்லாமல் கிளட்ச், கியர் பழகினாள். மிகவும் பயப்படுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனாலும் நிறுத்தத்திலிருந்து திடீரென வெளியே வரும் மாநகரப் பேருந்தையும் எதிர்த்திசையில் வரும் பைக்கையும் அவள் சாலையில் இறங்கித்தான் கற்றாள்.

வீட்டு வண்டியில் கால் முழுக்க உங்களுடையது, நேரமும் தாராளம். ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் பிரேக் இல்லை. தொடக்கத்தையே இதில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்பா, கணவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கூச்சலும் சேர்ந்துகொள்ளும். பொறுமையான ஆக்டிங் டிரைவர் (கூலிக்கு வந்து நம் வண்டியை ஓட்டுபவர்) கிடைத்தால் அவரே மேல். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்), முன்னும் பின்னும் எல் போர்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் மூன்றும் கட்டாயம். எல்.எல்.ஆர். கூட இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 5,000 ரூபாய்.

வீட்டில் இருப்பது ஆட்டோமேட்டிக் என்றால் கிளட்ச் கவலையே இல்லை. கார் லைசென்ஸில் அதற்குத் தனிப் பிரிவும் கிடையாது.

என் தேர்வு, ஸ்கூலும் வீட்டு வண்டியும் சேர்ந்தது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். அந்த எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முதல் 21 நாள் ஸ்கூல். அப்புறம் டெஸ்டுக்கு அவசரப்படாமல் ஒரு மாதமாவது வீட்டு வண்டி: முதலில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அண்ணா நகர் குறுக்குத் தெருக்கள், கை பழகியதும் மாலை நேர ஆற்காடு சாலை.