அப்பாவுக்கு வீட்டிலேயே கிடைத்த பராமரிப்பு

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த அப்பாவைப் பார்க்க இந்த விடுப்பில் தமிழ்நாட்டுக்குச் சென்றிருந்தபோது, வீட்டுக்கே வந்து பராமரிக்கும் இரண்டு சேவைகளை அருகிலிருந்து கவனித்தேன். வெளிநாட்டில் இருந்தபடி பெற்றோருக்கு ஆள் ஏற்பாடு செய்வோருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்று, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட, அரசின் மக்களைத் தேடி மருத்துவம். எங்கள் தெருவுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துச் செல்கிறார். நான் பெரிதும் மதித்தது பிசியோதெரபிஸ்ட் செய்த வேலையை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை அவர் அண்ணியையே செய்யச் சொல்லிப் பழக்கினார்: நாற்காலி அப்பாவின் நல்ல பக்கமான இடப்புறம் இருக்க வேண்டும், பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்த பிறகே எழுப்ப வேண்டும், இடுப்பைத்தான் பிடிக்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால், தசை தளர்ந்த தோள்மூட்டு விலகிவிடக்கூடும் என்று அவர் விளக்கியபோது, கைத்தாங்கலாகத் தூக்குவதையே வழக்கமாகக் கொண்ட நம் வீடுகளுக்கு இந்தப் பயிற்சி எவ்வளவு அவசியம் என்று உணர்ந்தேன். உடன் வந்த செவிலியர், படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவும், குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்கவும் சொன்னார்.

ஆனால் இவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். உடனிருக்க ஆள் வேண்டுமென்றால் தனியார் நிறுவனத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. நாங்கள் அணுகிய நிறுவனம் நர்ஸ் என்று சொல்லி, நர்ஸுக்கான கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, செவிலியர் படிப்பே இல்லாத உதவியாளர் ஒருவரை அனுப்பியது. அந்தப் பெண்மணி அப்பாவைக் குளிப்பாட்டுவதிலும் ஊட்டுவதிலும் மிகுந்த பொறுமையோடு நடந்துகொண்டார். அவர்மீது எனக்குக் குறையே இல்லை. சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஊசி போடுவது போன்ற, படித்தவர் செய்ய வேண்டிய வேலைகளை அவர் தலையில் கட்டிய நிறுவனத்தின்மீதுதான் கோபம். இரவும் பகலும் ஒருவரே விழித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததும் நியாயமில்லை.

ஆகவே ஆள் வருவதற்கு முன்பே, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அவர் விடுப்பு எடுத்தால் மாற்றாக வருபவர் யார் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். எங்கள் வீட்டில் இரவுப் பொறுப்பை அண்ணனும் அண்ணியும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். புரட்டிப் படுக்கவைத்த நேரம், மாத்திரை, சிறுநீர் அளவு ஆகியவற்றைக் கட்டிலருகே ஒரு நோட்டில் எழுதி வைப்பதால், பிசியோதெரபிஸ்டும் செவிலியரும் வந்தவுடன் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.