கணபதியில் ஒரு கீசர் கடை: வேலை சுத்தம், நேரம்தான் சொதப்பல்

கோவை சரவணம்பட்டியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல் நடத்துகிறேன். மூன்று மாடி, ஆறு குளியலறை, ஆறு கீசர். தங்கியிருப்பவர்களில் பாதிப் பேர் ஐ.டி. கம்பெனி. ஆளுக்கொரு ஷிப்ட். ராத்திரி இரண்டு மணிக்கும் யாராவது சுடுதண்ணீரில் குளித்துக்கொண்டிருப்பார்கள். குடிக்கப் பில்லூர் அணைத் தண்ணீர் வருகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர், கோடையில் லாரி தண்ணீர். இந்தத் தண்ணீரில் கீசர் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல மெக்கானிக் நம்பர் ஒன்று கையில் இருந்தே ஆக வேண்டும். எனக்குக் கிடைத்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கடைப் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "வேண்டாங்க அம்மணி, இப்ப வர்ற போனையே எடுக்க ஆளில்லை" என்றார். அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன். கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடைகளும் லேத்துப் பட்டறைகளும் இருக்கும் சந்துகளில் ஒன்று. வாசலில் கழற்றிப் போட்ட கீசர் தொட்டிகள் கிடக்கும். அக்கம்பக்கத்தில் கீசர்காரர் என்று கேட்டால் காட்டிவிடுவார்கள்.

அவரிடம் போகக் காரணமே இரண்டாவது மாடி கீசர்தான். சுவிட்ச் போட்டுக் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். தண்ணீர் சூடேற ஆரம்பித்ததும் இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே கட் ஆகும் சுவிட்ச்) விழுந்து மாடி முழுக்கக் கரண்ட் போய்விடும். லேப்டாப்பில் மீட்டிங்கில் இருக்கும் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள். வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "காயில் நல்லாத்தான் இருக்கு, இ.எல்.சி.பி.தான் வீக். அதை எடுத்துட்டு நேரா லைன் கொடுத்துடலாமுங்க" என்றார். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. உடம்பு நனைந்து நிற்கிற இடத்தில் கரண்ட் கசிந்தால் உயிரைக் காப்பாற்ற இருக்கிற ஒரே சாதனம் அது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கட் ஆக வேண்டும் என்றுதான் அதைப் பொருத்துகிறோம். அதையே கழற்றச் சொல்பவரை மறுபடி உள்ளே விடவில்லை.

அடுத்து, கீசர் தயாரித்த கம்பெனிக்கே போன் செய்தேன். பெயர் வேண்டாம். ஆள் வந்ததும் விசிட் சார்ஜ் வாங்கினார். மூடியைக்கூடக் கழற்றாமல், "இது பழைய மாடல், எக்ஸ்சேஞ்ச் போட்டுக்கங்க மேடம்" என்று போனில் விலைப் பட்டியலைக் காட்டினார். எதனால் ட்ரிப் ஆகிறது என்ற கேள்விக்குக் கடைசி வரைக்கும் பதில் இல்லை.

கணபதிக்காரர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சுவிட்ச் போட்ட உடனே விழுதா, சூடான பிறகு விழுதா?" சூடான பிறகு என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். அவரும் மல்டிமீட்டர்தான் முதலில் வைத்தார். 26 ஓம் அளவில் காட்டியது. 2000 வாட் காயிலுக்கு அதுதான் சரியான கணக்காம். "உங்க எலக்ட்ரீஷியன் சொன்னதுல பாதி சரிங்க. உள்ள இருக்கற கம்பி அறுந்து போகலை" என்றார். அப்புறம் பையிலிருந்து மெக்கரை எடுத்தார். மோட்டார் ரீவைண்டிங் செய்து வந்த மனிதர், அதனால் அது எப்போதும் பையில் இருக்கும். 500 வோல்ட் கொடுத்து, காயிலுக்கும் அதன் மேல் குழாய்க்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற கருவி. நல்ல காயிலாக இருந்தால் முள் மெகா ஓம் கணக்கில் போய் நிற்க வேண்டும். எங்களுடையது பூஜ்யத்தை ஒட்டி நின்றது. என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டிவிட்டுத்தான் மேலே பேசினார்.

காயிலைக் கழற்றியபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. வெளியே தெரிகிற உலோகக் குழாய்க்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு பொடி. அந்தப் பொடி சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடானால் கரைசலில் நிற்காமல் பிரிந்து காயில் மேலேயே படிகிறது. படிவு தடிக்கத் தடிக்கக் காயிலின் சூடு தண்ணீருக்குப் போவதில்லை. காயிலே கொதித்து, குழாயில் விரிசல் விட்டு, பொடிக்குள் ஈரம் இறங்கிவிடுகிறது. எங்கள் காயில் உப்பு மூடி விரல் தடிமனுக்கு இருந்தது. தொட்டிக்குள் கையை விட்டு அவர் வாரி எடுத்த வெள்ளைச் சில்லுகளைப் போட பக்கெட் தேவைப்பட்டது. வெகுநாளாகத் தண்ணீர் சூடேறும்போது கடகடவென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்ததற்கும் இந்தப் படிவுதான் காரணமாம்.

இவர் சுத்தம் செய்யும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. உளியோ ஸ்க்ரூ டிரைவரோ உள்ளே போகவில்லை. மரக் குச்சியும் கையும்தான். தொட்டியின் உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு, அதில் கீறல் விழுந்தால் இரும்பு துருப்பிடிக்க வழி திறந்துவிட்ட மாதிரி என்றார். ஒட்டிக்கொண்டிருந்ததைக் கரைக்க சிட்ரிக் ஆசிட் ஊற்றி ஊற வைத்தார். இதற்கு முன்னால் வந்த ஒருவர் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றிக் கழுவியதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

அப்புறம் ஆனோடு ராடு. கீசர் வாங்கும்போது யாரும் இதைப் பற்றிச் சொல்வதில்லை. மெக்னீசியத்தால் ஆன ஒரு தண்டு தொட்டிக்குள் தொங்குகிறது. தொட்டியின் இரும்பு அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேய்வதுதான் அதன் ஒரே வேலை. அது தீர்ந்த பிறகு தண்ணீர் தொட்டியைத் தின்ன ஆரம்பிக்கிறது. எங்கள் கீசரில் தண்டு இருந்த இடத்தில் நடுக்கம்பி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. உப்புத் தண்ணீரில் வருடம் ஒருமுறையாவது பார்க்கச் சொல்கிறார். வாரன்டி அட்டையின் பொடி எழுத்தில் இதெல்லாம் இருக்கிறது. ஆனோடு மாற்றாவிட்டாலோ உப்புப் படிந்து கெட்டாலோ பொறுப்பில்லை என்று எழுதிவிட்டு, மேலே பெரிய எழுத்தில் தொட்டிக்கு ஏழு வருடம் என்று போட்டுக்கொள்கிறார்கள்.

காயிலில் இரண்டு விலை சொன்னார். காப்பர் 550, இன்கலாய் (நிக்கல் கலந்த உலோகம்) 950. உப்புத் தண்ணீருக்கு இரண்டாவதுதான் தாங்கும், ஆனால் உப்புப் படிவதை அதுவும் நிறுத்தாது என்பதையும் சேர்த்தே சொன்னார். இன்கலாய் போட்டோம். ஆனோடு, கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய் ஆனது. கிளம்பும் முன் எர்த்தையும் சோதித்தார். எர்த் குழி வறண்டு கிடக்கிறது, கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனார். தெர்மோஸ்டாட் குமிழை முழுக்கத் திருகி வைத்திருந்ததை 60 டிகிரிக்கு இறக்கினார். சூடு கூடக் கூட உப்பும் வேகமாகப் படியும் என்பது காரணம். எங்கள் பெண்கள் அதை மறுபடி ஏற்றிவிடுகிறார்கள், அது வேறு கதை.

அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது செய்த வேலையால் அல்ல, செய்ய மாட்டேன் என்று சொன்னதால். கீழ் மாடி கீசரில் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் அதை முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். சூடேறும்போது சேஃப்டி வால்விலிருந்து சொட்டினால் அது பழுது இல்லை. தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியிலிருந்து 65 வரை போனால், 25 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய 400 மில்லி அதிகமாகிறது. திரும்பிப் போக வழியில்லாதபோது அது வால்வு வழியாக வெளியே வரத்தான் செய்யும். அதை எம்-சீல் வைத்து அடைத்தவர்கள் வீடுகளைப் பார்த்திருக்கிறாராம். சொல்லும்போதே தலையில் அடித்துக்கொண்டார்.

எங்களுடையது வால்வு இல்லை. கேஸ்கெட்டும் இல்லை. வெளிக்கூட்டைக் கழற்றி, நடுவில் சூடு போகாமல் காக்கும் மஞ்சள் பஃப்பைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தபோது தொட்டியின் வெல்டிங் ஓரமே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. "வெல்டு வெச்சுக் கொடுங்கண்ணா, நாலு மாசம் ஓடினாலும் போதும்" என்று கேட்டுப் பார்த்தேன். "வெல்டு வெச்சா அந்தச் சூட்டுல உள்ள இருக்கற கண்ணாடிப் பூச்சு உதிர்ந்துருமுங்க. இன்னொரு எடத்துல போகும். உங்க காசு எனக்கு வேண்டாமுங்க அம்மணி, புதுசு வாங்கிக்குங்க" என்று கூட்டை மூடிவிட்டார். காயில், தெர்மோஸ்டாட், வால்வு, கேஸ்கெட் எது போனாலும் ரிப்பேர். தொட்டி போனால் புதுசு. இதுதான் அவருடைய கணக்கு. வருடத்தைப் பார்த்து முடிவு செய்வதே இல்லை.

புதுசு வாங்கியது கிராஸ்கட் ரோட்டில். அங்கே சேல்ஸ் பையன் 8 பார் பிரஷர், வைஃபை, டிஜிட்டல் டிஸ்ப்ளே என்று ஆரம்பித்தான். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம். எங்கள் மூன்று மாடிக்கு மேல்தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் கீழ் மாடியில்கூட அதற்குமேல் பெரிதாகப் போகாது. பதினைந்து மாடி அப்பார்ட்மென்ட்டுக்கோ பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்களுக்கோ வேண்டியதை எனக்கு ஏன் விற்கிறாய் தம்பி என்றேன். 25 லிட்டர், குமிழ் வைத்த சாதா மாடல், கண்ணாடிப் பூச்சுத் தொட்டி, இன்கலாய் காயில், ஐந்து ஸ்டார். ஸ்டாருக்குக் காசு கொடுத்ததில் வருத்தமில்லை. கீசரில் ஸ்டார் என்பது, சூடாக்கி வைத்த தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதைப் பொறுத்துத் தருவது. எந்நேரமும் ஆனில் கிடக்கும் ஹாஸ்டலுக்கு அது முக்கியம். சூடாக்குவதில் எந்த மாடலும் மாயம் செய்துவிட முடியாது. 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஒரு யூனிட் கரண்ட் வேண்டும், 2000 வாட்டில் அரை மணி நேரம் ஆகும். யார் தயாரித்தாலும் இதுதான்.

பொருத்த வந்த கம்பெனி ஆள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இலவச இன்ஸ்டலேஷன் என்றார்கள். குழாய், கிளாம்ப், போல்ட் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பில் போட்டு, இலவசம் ஆயிரத்தைத் தாண்டியது. பில்லில் வரியோடு போட்டார்கள், அந்த மட்டில் நேர்மை. கீசர் ஓடுகிறது, குறை சொல்ல எதுவுமில்லை.

கணபதிக்காரரிடம் குறை இல்லையா? நிறைய இருக்கிறது. காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றால் மாலை வருவார். பெண்கள் ஹாஸ்டலில் மாடிக்கு மாடி முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டிய எனக்கு இது பெரிய தலைவலி. "கிளம்பிட்டேனுங்க" என்றால் இன்னும் கடையில் இருக்கிறார் என்று அர்த்தம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தை வரைக்கும் போனே கிடைக்காது. உதவிக்கு வரும் பையன் உப்புச் சேற்றைக் குளியலறைத் தரையில் அப்படியே விட்டுவிட்டுப் போவான், நாம்தான் கழுவிக்கொள்ள வேண்டும். துண்டுச் சீட்டில்தான் கணக்கு, ஜி.எஸ்.டி. பில் வேண்டுமென்றால் இவர் சரிப்பட மாட்டார். கேஸ் கீசரும் சோலாரும் தொட மாட்டார். வாரன்டி இருக்கும் கீசரையும் திறக்க மாட்டார், கம்பெனிக்கே போன் பண்ணச் சொல்லிவிடுவார். அது குறையில் சேருமா என்று தெரியவில்லை.

அவர் சொல்லித்தான் தண்ணீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 700 மில்லிகிராமைத் தாண்டியது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை. குளிக்கிற தண்ணீர்தானே என்று இருக்கலாம், கீசருக்கு அந்தச் சமாதானம் புரியாது. குழாயில் காந்தம் மாட்டினால் உப்புப் படியாது என்று ஒரு கம்பெனி ஆள் வந்து விளக்கினார். கணபதிக்காரரிடம் கேட்டதற்குச் சிரித்தார், அவ்வளவுதான். தண்ணீரின் கடினத்தன்மையை நீக்குகிற, உப்புப் போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் வேலை செய்யும் என்கிறார். கட்டடம் முழுவதுக்கும் அதன் விலையைக் கேட்டுவிட்டு, அதைவிட வருடம் ஒருமுறை ஆறு கீசரையும் திறந்து சுத்தம் செய்வதே மலிவு என்று விட்டுவிட்டேன். ஒரு கீசருக்கு 600 ரூபாய் வாங்குகிறார், ஆனோடு தனி.

போக நினைப்பவர்களுக்கு: புரட்டாசிக்குள் போய்விடுங்கள். போனில் முயலாமல் நேரில், காலை ஒன்பதரைக்குள். கீசரைக் கழற்றி எடுத்துப் போனால் அன்றைக்கே வேலை முடியும். வீட்டுக்கு வரச் சொன்னால் அந்த நாள் முழுக்க வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.