பிஸ்டலா, ரைஃபிளா? சிங்கப்பூரில் குறிசுடுதல் பழக நினைப்பவர்களுக்கு

தேசிய சேவையை முடித்துவிட்டு வரும் தம்பிகள் பலருக்கு ரேஞ்சில் (சுடும் தளத்தில்) சுடும் ஆசை மனசில் மிச்சம் இருக்கும். எஸ்ஏஆர் 21 ராணுவ ரைஃபிளைத் தூக்கிப் பழகியவர்கள் வேலைக்குப் போன பிறகு, "அண்ணே, விளையாட்டாவே தொடரலாம்னு இருக்கேன். பிஸ்டலா, ரைஃபிளா?" என்று கேட்கிறார்கள். நான் கிளப்பில் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிளில் ஆரம்பித்து, அப்புறம் ஏர் பிஸ்டலுக்கு மாறி, நடுநடுவே வெடிமருந்துக் குண்டு போடும் .22 பிஸ்டலும் சுட்டுக்கொண்டு பல வருடங்களாக இதில் இருக்கிறேன். வாரத்தில் ஒன்றிரண்டு சாயங்காலம்தான் நேரம் கிடைக்கும் என்றால் ஏர் பிஸ்டலை எடுங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நம் ஊர்ச் சட்டம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஏர் கன்னைச் சாதாரண விளையாட்டுப் பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி ஏர் கன்னும் ஆயுதம், ஏர் பிஸ்டலும் ஆயுதம். சட்டவிரோதமாக வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு சிறை, 6 பிரம்படி. அதனால் நம் துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறையில் பூட்டியே இருக்கும். உரிமம், கிளப் உறுப்பியம், பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் முடித்த பிறகும், ரேஞ்சில் இருக்கும் நேரம்தான் நமக்குத் துப்பாக்கியோடு கிடைக்கும் நேரம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை நான் இந்த நேரத்தை வைத்துத்தான் பார்க்கிறேன்.

ஏர் ரைஃபிள் சுட ஒரு உடுப்பே வேண்டும். கெட்டியான கேன்வாஸ் ஜாக்கெட், அதே மாதிரி பேன்ட், தட்டையான அடிப்பாகம் கொண்ட பூட்ஸ், இடது கைக்கு உறை. இவற்றை மாட்டி, பட்டைகளை இழுத்து, 5 கிலோவை நெருங்கும் ரைஃபிளைத் தூக்கி, இடது முழங்கையை இடுப்பில் ஊன்றி, உடம்பு ஒரு நிலைக்கு வருவதற்குள் நேரம் ஓடிவிடும். ரேஞ்சில் ஏர்கான் இருந்தாலும் ஜாக்கெட்டுக்குள் முதுகு நனைந்துவிடும். நான் தெம்பனிஸில் இருக்கிறேன். தேசியத் துப்பாக்கிச் சுடும் நிலையம் ஓல்ட் சுவா சூ காங் ரோட்டில், தீவின் இன்னொரு கோடியில் இருக்கிறது. வேலை முடிந்து அவ்வளவு தூரம் போய், உடுப்பு மாட்டவும் கழற்றவும் நேரம் போனால் சுட எவ்வளவு மிஞ்சும்? பிஸ்டலுக்குத் தட்டையான ஷூ, கண்ணாடி, காதுக்கு அடைப்பு. அவ்வளவுதான். போன கொஞ்ச நேரத்தில் முதல் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போய்விடும்.

வீட்டுப் பயிற்சியும் பிஸ்டலுக்குத்தான் சுலபம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ. என் ஸ்டையர் எல்பி10-ன் எடையும் கிட்டத்தட்ட அதுதான். பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக் கையை நீட்டி, பத்து விநாடி நிறுத்தி, இறக்கி, மறுபடி தூக்குங்கள். தோளும் மணிக்கட்டும் இதிலேயே பாதி பழகிவிடும். பொம்மைத் துப்பாக்கியை மட்டும் கையில் எடுக்காதீர்கள். அடுக்குமாடி வீட்டில் எதிர் புளோக்கிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பொம்மை என்று எப்படித் தெரியும்?

இனி சுடும் விஷயம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் டார்கெட்டின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். பிஸ்டலில் 11.5 மில்லிமீட்டர். இதைப் பார்த்துவிட்டு பிஸ்டல் சுலபம் என்று முடிவு கட்ட வேண்டாம். ரைஃபிளை எலும்புகள் தாங்குகின்றன. பிஸ்டலுக்கு நீட்டிய ஒற்றைக் கை மட்டும்தான். கை ஆடத்தான் செய்யும், யாருக்கும் ஆடும். ஆனால் அந்த ஆட்டத்தைவிடப் பெரிய எதிரி மணிக்கட்டு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குறிபார்க்கப் பிஸ்டலின் மேல் இருக்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர். கை முழுக்க ஒரே சீராக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் டார்கெட்டிலும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும், பத்து பத்தாகவே இருக்கும். மணிக்கட்டு மடங்கி, முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால், 10 மீட்டர் தூரத்தில் அது 30 மில்லிமீட்டர் ஆகிவிடும். நேராக இருந்திருந்தால் பத்து விழும் இடத்தில் ஏழு விழும். அதனால் டார்கெட் மங்கலாகத் தெரிந்தாலும் சரி, முன் சைட் கூர்மையாகத் தெரிய வேண்டும், அதன் இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கோடுகள் சமமாக இருக்க வேண்டும். நான் இத்தனை வருடமாக ஒவ்வொரு குண்டுக்கும் பார்ப்பது அந்த இரண்டு வெளிச்சக் கோடுகளைத்தான்.

டிரிகர் எடை, அதாவது டிரிகரை இழுக்கத் தேவையான விசை, ஏர் பிஸ்டலுக்கு விதிப்படி குறைந்தது 500 கிராம். விரல் நேராகப் பின்னால் வராமல் பக்கவாட்டில் தள்ளினால் அந்தக் கோடுகளில் ஒன்று மெலிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எந்தத் தவறு எங்கே நடந்தது என்பதைப் பிஸ்டல் இவ்வளவு தெளிவாகக் காட்டும். எனக்கு அதன் மேல் பிடிப்பு வந்ததே இதனால்தான்.

வாங்குவதற்கு முன் கைப்பிடியைக் கவனியுங்கள். மரக் கைப்பிடி அளவு பார்த்து வரும். உள்ளங்கையின் அடியில் ஒரு தட்டு இருக்கும், அதை ஏற்றி இறக்கலாம். இறுக்கிப் பிடிக்காமலே கை பிஸ்டலோடு ஒட்டி உட்கார வேண்டும். கண்ணை மூடிக் கையைத் தூக்குங்கள், திறந்து பார்க்கும்போது சைட்டுகள் தாமாகவே நேராக நின்றால் அது உங்கள் அளவு. எனக்குக் கட்டைவிரலுக்குக் கீழே சின்ன இடைவெளி இருந்தது. மரத்துக்கு அடைக்கும் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தேன். புதுத் துப்பாக்கி வாங்கியிருந்தாலும் இந்த அளவு முன்னேற்றம் கிடைத்திருக்காது.

பழையது வாங்குவதானால் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். அதற்கு ஆயுள் பத்து வருடம்தான். அதைத் தாண்டியதைப் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது, மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். பெல்லட் ஈயம், ஆகவே சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

ரைஃபிள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மார்ட்டினா வெலோசோ 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ரைஃபிளில் இரண்டு தங்கம் வாங்கியபோது இங்கே எத்தனை பேருக்குச் சந்தோஷம்! டியோ ஷுன் சீ 2014-ல் கிளாஸ்கோவில் ஏர் பிஸ்டல் தங்கம் வென்றதும் அப்படித்தான். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு விஷயத்தில் ரைஃபிள் உண்மையிலேயே உதவும். அதன் பின் சைட் ஒரு சின்னத் துளை. அதன் வழியாகப் பார்க்கும்போது கிட்டப்பொருளும் தூரப்பொருளும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகத் தெரியும். பிஸ்டலில் அந்த வசதி கிடையாது. வெள்ளெழுத்து வந்ததும் முன் சைட் மங்கிவிடும். நான் ரேஞ்சில் டேப் வைத்துக் கண்ணிலிருந்து முன் சைட் வரை அளந்து, அந்த எண்ணைக் கண்ணாடிக் கடையில் கொடுத்து, அந்தத் தூரத்துக்கென்றே ஒரு லென்ஸ் போட்டுக்கொண்டேன். முதுகு வலி இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: ரைஃபிளில் நிற்கும்போது இடுப்புக்கு மேலே உடம்பைப் பின்னால் வளைத்தே நிற்க வேண்டும். மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

.22-ஐ எப்போது தொடலாம்? ஏர் பிஸ்டலில் கை ஓரளவு நிலைத்த பிறகு. 5.6 மில்லிமீட்டர் குண்டு, 25 மீட்டர் தூரம், டிரிகர் குறைந்தது ஒரு கிலோ. உதைப்பு சின்னதுதான், ஆனால் சத்தமும் சேர்ந்து வருவதால் சுடும் நொடியில் உடம்பு முன்கூட்டியே பதறும். இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளரிடம் ஒரு உதவி கேளுங்கள். உங்களுக்குத் தெரியாமல் மேகசினில் (குண்டு அடுக்கும் பெட்டியில்) ஒரு டம்மி, அதாவது வெடிக்காத, குண்டைக் கலந்து போடச் சொல்லுங்கள். அந்தக் குண்டின் முறை வரும்போது வெடிக்காத பிஸ்டலின் முனை கீழே குனிந்தால், ஏர் பிஸ்டலில் இன்னும் சில மாதம் இருந்துவிட்டு வரலாம்.