முயலுக்கு 'லூஸ் மோஷன்' என்று பிங்க் சிரப் கொடுத்தால் வாங்காதீர்கள்

முயல் வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எங்கள் வீட்டில் பஞ்சு, மிளகு என்று இரண்டு முயல்கள் இருந்தன. போன மாதம் மிளகு இறந்துவிட்டாள். அவளுக்கு எந்த நோயும் இருக்கவில்லை. ஒரு பெட் ஷாப்பில் வாங்கிய தீனியும், அதே கடையில் கொடுத்த மருந்தும்தான் அவளைக் கொன்றன.

முயலுக்குப் போடும் திமோத்தி என்ற காய்ந்த புல் வாங்கத்தான் அந்தக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் ஒரு பெரிய டப்பாவைத் திறந்து காட்டினார். "எத்தனை நாளைக்குத்தான் அக்கா புல்லையே போடுவீங்க? இது முயலுக்குன்னே செஞ்சது, வைட்டமின் எல்லாம் இருக்கு." டப்பாவிலிருந்து கால் கிலோ அள்ளி பிளாஸ்டிக் கவரில் போட்டு, 'ராபிட் ட்ரீட்' என்று அவர்களே அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டி 320 ரூபாய் வாங்கிக்கொண்டார். என்னென்ன சேர்த்தது, யார் தயாரித்தது, எப்போது காலாவதி, ஒன்றும் அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு மீதியை ஒரு தட்டில் கொட்டிப் பார்த்தேன். மக்காச்சோளம், சூரியகாந்தி விதை, பன் கடையில் போடுகிற டூட்டி ஃப்ரூட்டி, கலர் கலராகப் பொரித்த வளையம், சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளை மிட்டாய். யோகர்ட் டிராப்ஸ் என்று சொல்வது அதைத்தான். ஒன்றை நசுக்கி நாக்கில் வைத்தேன். சர்க்கரையும் பால்மாவும் தவிர வேறு ருசியே இல்லை. தாய்ப்பால் மறந்த முயலுக்குப் பாலில் செய்த எதுவும் ஆகாது.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். முயலின் வயிற்றில் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை மாதிரி ஒரு பகுதி உண்டு. நார்ச்சத்தைப் பக்குவப்படுத்தும் நுண்ணுயிரிகள் அங்கேதான் வாழ்கின்றன. முயல் உயிரோடு இருப்பதே அவற்றின் தயவில்தான். மாவும் சர்க்கரையும் அதிகமாகப் போனால் அங்கே எல்லாம் தாறுமாறாகிவிடும். அதைவிட மோசம், இனிப்பு கண்ட முயல் புல்லைத் தொடாது. இது போன்ற கலவைத் தீனி தின்னும் முயல்கள் புல்லைக் குறைத்துக்கொள்வதையும் பல் கோணுவதையும் உடம்பு போடுவதையும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முயல்களை வைத்தே ஆராய்ந்து 2013இல் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் பத்தே நாளில் புல் தொட்டி அப்படியே கிடந்தது. கவர் சத்தம் கேட்டால் மட்டும் இரண்டும் ஓடி வந்தன.

அப்புறம்தான் மிளகின் பின்பக்கத்தில் கருப்பாக, பளபளவென்று, சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நாற்றம் தாங்கவில்லை. போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். "லூஸ் மோஷன் அக்கா, சாயங்காலம் டாக்டர் வருவார், தூக்கிட்டு வாங்க" என்றார்.

கடையின் பின்னறையில் வெள்ளைக் கோட்டில் ஒருவர் இருந்தார். எடை பார்க்கவில்லை, வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சீட்டும் எழுதவில்லை. லேபிள் கிழித்த ஒரு பாட்டிலைக் கொடுத்து, "காலையில 2 மில்லி, ராத்திரி 2 மில்லி, அஞ்சு நாள்" என்றார். 450 ரூபாய். பில் கேட்டதற்கு, "நம்ம கடைதானே அக்கா" என்று சிரித்தார் கடைக்காரர்.

மருந்து கொடுக்க நான் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் அந்த பிங்க் சிரப் குழந்தைகள் மருந்து போல இனிப்பாக இருந்ததால் மிளகு தானாகவே வந்து, இரண்டு முன்கால்களையும் என் முழங்கால்மேல் வைத்து, சிரிஞ்சின் நுனியை நக்கி நக்கிக் குடித்தாள். எவ்வளவு சமத்தாக மருந்து குடிக்கிறாள் என்று என் மகள் வீடியோ எடுத்தாள். அந்த வீடியோவை இன்னும் எங்களால் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் இரவு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்தாள். பல்லை நறநறவென்று கடித்தாள். அது முயல் வலியில் செய்வது என்று அப்போது எனக்குத் தெரியாது. விடிவதற்குள் தண்ணீராகப் போகத் தொடங்கியது. வயிறு உப்பி, காது சில்லிட்டுவிட்டது. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்டது, "வாய் வழியா என்ன மருந்து கொடுத்தீங்க?" பாட்டிலைக் காட்டினேன். அங்கிருந்தே கடைக்கு போன் போட்டேன். எடுத்த பையன் அட்டைப் பெட்டியைப் பார்த்து "அமாக்ஸிசிலின்" என்று படித்தான். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அமாக்ஸிசிலின் நமக்குச் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்து, நாய்க்கும் பூனைக்கும் கொடுப்பார்கள். முயலுக்கு வாய் வழியாக அதைக் கொடுத்தால் வயிற்றில் இருக்க வேண்டிய நுண்ணுயிரிகள் செத்து, கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சைக் கக்கும். ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், வாய் வழி செஃபலெக்சின் எல்லாமே முயலுக்கு ஆபத்துதான். டிரிப்ஸும் ஊசியும் போட்டார்கள். மதியம் ஒரு மணிக்கு மிளகு போய்விட்டாள்.

நான் காட்டிய போட்டோவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னதுதான் இன்றும் நெஞ்சை அறுக்கிறது. அது வயிற்றுப்போக்கே இல்லையாம். முயல் இரண்டு வகையாகப் புழுக்கை போடும். காய்ந்த உருண்டை ஒன்று. இன்னொன்று கொத்தாக இருக்கும் மென்மையான புழுக்கை. சத்து நிறைந்த இதை முயல் பின்பக்கத்திலிருந்து நேராகவே வாயில் எடுத்துத் தின்றுவிடும், அதனால் நம் கண்ணில் படாது. இனிப்பும் மாவும் அதிகமானால் அதைத் தின்னாமல் விட்டுவிடும், அது ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். தீனியை நிறுத்திப் புல்லைப் போட்டிருந்தாலே சரியாகியிருக்குமாம்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "முயல்னா அப்படித்தான், பயத்துலயே செத்துடும்" என்றார். அந்த டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. "அவர் டாக்டர்னு நாங்க எப்பச் சொன்னோம், ஆலோசகர்" என்றார். கால்நடை மருத்துவர் என்றால் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் அமாக்ஸிசிலினை விற்கவே கூடாது. செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018லேயே விதிமுறை வந்துவிட்டது, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தக் கடைச் சுவரில் சான்றிதழ் எதையும் நான் பார்க்கவில்லை. புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இதே கடையில் நாய்க்கு அடிக்கிற உண்ணி ஸ்ப்ரேயையும் முயலுக்கு அடிக்கலாம் என்று முன்பு ஒருமுறை சொன்னார்கள். நல்லவேளை வாங்கவில்லை. அதில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் முயலின் உயிருக்கே ஆபத்து.

பஞ்சு அந்த சிரப்பைக் குடிக்காததால் தப்பினான். ஆனால் ஜோடி போன துக்கத்தில் சாப்பாட்டை விட்டான். அரை நாள் முயல் எதுவும் தின்னவில்லை என்றாலே அவசரம் என்று நினைத்து ஓடுங்கள். அவனுக்கு எப்படி மருந்து கொடுப்பது என்று டாக்டர் மேஜைமேல் துண்டை விரித்து எனக்குக் காட்டினார். தலை மட்டும் வெளியே தெரிய உடம்பைச் சுற்ற வேண்டும். மல்லாத்தவே கூடாது, மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சை முன்பல்லுக்குப் பக்கவாட்டில் இருக்கும் இடைவெளியில் நுழைத்து, கால் மில்லி விட்டு, அவன் மென்று விழுங்கும்வரை காத்திருந்து, அப்புறம் அடுத்த கால் மில்லி. பஞ்சுவின் எடை 1.8 கிலோ. அதை வைத்துத்தான் அளவு எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது அவனுக்கு நாள் முழுக்கப் புல். பிள்ளையார் கோவில் வாசலில் பூ விற்கும் அம்மா தினமும் அருகம்புல் எடுத்து வைக்கிறார், நன்றாகக் கழுவிப் போடுகிறேன். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கிக் கீரை மாற்றி மாற்றி. ஆசைக்கு ஒரு செம்பருத்திப் பூ, இல்லையென்றால் கட்டைவிரல் நகம் அளவு பப்பாளி. கேரட்கூட வாரத்தில் ஓரிரு வில்லைதான், அதிலும் இனிப்பு உண்டு.

லேபிள் கிழித்த பிங்க் சிரப் உங்கள் வீட்டிலும் இருந்தால், முயலுக்கு இன்று ராத்திரி டோஸைக் கொடுக்காதீர்கள். பாட்டிலைத் தூக்கிப் போடவும் வேண்டாம். முயலோடு அதையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.