பழைய ஸ்பாஞ்சைக் குப்பையில் போடும் கடைக்காரரை நம்பாதீர்கள்

சின்னத் தொட்டியிலிருந்து பெரிய தொட்டிக்கு மீன்களை மாற்றப் போகிறவர்கள், கடைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒரே வாரத்தில் எங்கள் வீட்டில் மூன்று மீன்கள் செத்துப் போயின. நான்கு வருடம் நோய்நொடி இல்லாமல் இருந்தவை.

எங்களிடம் இருந்தது இரண்டடித் தொட்டி. அதில் ஐந்து கோல்ட் ஃபிஷ், எல்லாம் கொளத்தூரில் விரல் நீளத்தில் வாங்கி வந்தவை. வளர வளர இடம் போதவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடையில் நான்கடித் தொட்டி கேட்டேன். ஸ்டாண்டு, ஃபில்டர், லைட் எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய் என்றார்கள். பழைய தொட்டியை ஃபில்டரோடு 800 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார்களாம். "ஒரே நாள்ல செட் பண்ணி மீனையும் மாத்திக் குடுத்துட்டுப் போயிடுவோம் சார்" என்றார் கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு ஒருவர் பழைய ஃபில்டரைத் திறந்தார். ஸ்பாஞ்ச் சேறு பிடித்த மாதிரி பழுப்பாக இருந்தது. "எவ்ளோ அழுக்கு பாருங்க சார், இதுலதான் மீன் இருந்திருக்கு" என்று என் முகத்துக்கு நேராகக் காட்டிவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். கூழாங்கற்களைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்துக் கழுவினார். எனக்கும் அது அக்கறையான வேலையாகத்தான் தெரிந்தது. சம்ப்பிலிருந்து புதுத் தண்ணீர் நிரப்பி, ஆன்டி குளோரின் விட்டு, 450 ரூபாய்க்கு ஒரு 'பாக்டீரியா' பாட்டிலை ஊற்றி, அரை மணி நேரத்தில் மீன்களை விட்டுவிட்டார்கள். காலாவதித் தேதி அழிந்து போயிருந்த அந்த பாட்டிலைத்தான் 'கேரண்டி' என்றார்கள். போகும்போது பழைய தொட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. மூன்றாம் நாள் காலையில் ஐந்து மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. போன் செய்தால், "புதுத் தண்ணி சார், பழகிடும்" என்றார். நான்காம் நாள் நீல மருந்து விடச் சொன்னார், வாங்கி விட்டேன். ஐந்தாம் நாள் பெரிய ஒரண்டா வகை கோல்ட் ஃபிஷ் செத்துப் போயிற்று. அதன் துடுப்பெல்லாம் சிவப்புக் கோடுகள். அடுத்த இரண்டு நாட்களில் இன்னும் இரண்டு. கடைசியாகக் கூப்பிட்டபோது, எங்கள் தண்ணீர்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டு, பாதி விலைக்குப் புது மீன் தருவதாகச் சொன்னார். நான் வாங்கவில்லை.

என்ன நடந்தது என்று புரிய வைத்தவர் அலுவலக நண்பர் ஒருவர். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் கொண்டுவந்து பார்த்தார். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாக நிற்க வேண்டிய சோதனைக் குழாய் கரும்பச்சையாகிவிட்டது.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது ரொம்பக் குறைவு. ஸ்பாஞ்சிலும் கற்களிலும்தான் ஒட்டிக்கொண்டு வாழும். அந்தப் பழுப்பு நிறம்தான் எங்கள் மீன்களை நான்கு வருடம் காப்பாற்றியது. அதைக் குப்பையில் போட்டு, கற்களில் இருந்ததையும் குளோரின் தண்ணீரில் கழுவித் தள்ளிவிட்டார்கள். புதுத் தொட்டியில் அது தானாக வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நான் விட்ட நீல மருந்து, முளைத்திருக்கக்கூடிய கொஞ்சத்தையும் கெடுத்திருக்கும். எங்கள் தண்ணீரின் பி.எச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8-க்குப் பக்கத்தில். பி.எச் ஏற ஏற அதே அளவு அம்மோனியாவின் கடுமை கூடும். இதெல்லாம் மீன் விற்கும் ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தே செய்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மீன் செத்தால்தானே மருந்தும் புது மீனும் விற்கும்.

நண்பர் தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரிலிருந்து பாதி ஸ்பாஞ்சை வெட்டி, காயாமல் அந்தத் தண்ணீரோடே கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். முந்தின இரவே டிரம்மில் தண்ணீர் பிடித்து, குளோரின் நீக்கி, தினமும் மூன்றில் ஒரு பங்கு மாற்றினேன். தீனி இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஒரு சிட்டிகை. இரண்டாவது வாரம் நைட்ரைட் ஏறியபோது லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல் உப்பைக் கரைத்து விட்டோம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். மூன்றாவது வாரக் கடைசியில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டின் அளவும் பூஜ்யத்துக்கு வந்தன. மீதி இரண்டு மீன்கள் பிழைத்துக்கொண்டன.

தொட்டி மாற்றுகிறீர்கள் என்றால் பழைய ஃபில்டரை அப்படியே புதுத் தொட்டியில் புது ஃபில்டரோடு சேர்த்து ஒரு மாதமாவது ஓட விடுங்கள். ஸ்பாஞ்சைக் கழுவியே ஆக வேண்டுமென்றால் பழைய தொட்டித் தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும். பழைய கற்களைக் குழாயில் அலச வேண்டாம். மாற்றும் வேலை நடக்கும்போது ஸ்பாஞ்சைக் காய விடாதீர்கள். அப்புறம், முக்கியமாக, எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லிப் பழைய தொட்டியை அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக விடாதீர்கள். மூன்றாம் நாள் மீன்கள் மூச்சுக்குத் தவித்தபோது அவற்றைத் திருப்பி விட எனக்கு ஒரு தொட்டி இல்லை.

பில்லும் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம் என்று தேடினால், என் கையில் இருந்தது 'டேங்க் செட் 16,000' என்று பேனாவில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. கடையின் பெயர்கூட அதில் இல்லை. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது கடை வாசலில் பழைய தொட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன.