கரப்பானின் கடைசித் தோலுரிப்பு: ஹார்மோனா, மைக்ரோ ஆர்என்ஏவா?

பூச்சிகளின் உருமாற்றம் என்றால் பாடப்புத்தகத்தில் இரண்டு ஹார்மோன்கள்தான். தோலை உரிக்க வைப்பது எக்டைசோன். உரித்த பிறகும் பூச்சியை இளம் பருவத்திலேயே நிறுத்தி வைப்பது இளமை ஹார்மோன். பின்னது வற்றிய நேரத்தில் முன்னது பெருகினால் பூச்சி முதிர்ந்த பருவத்துக்குப் போகும். இந்தக் கணக்கில் பிற்பாடு சேர்ந்தது மைக்ரோ ஆர்என்ஏ. இது சுமார் 22 எழுத்து நீளமே உள்ள ஆர்என்ஏ துண்டு. எந்தப் புரதத்தையும் உண்டாக்காது. தனக்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏவில் (புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்) ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும். சரி, உருமாற்றத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது?

ஹார்மோன் தரப்பின் சான்றுகள் பழையவை, கனமானவை. இரத்தம் குடிக்கும் ரோட்னியஸ் பூச்சிக்கு ஐந்து இளம் பருவங்கள். 1930களில் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் விகில்ஸ்வொர்த், இளைய பூச்சியின் தலையிலிருந்து இளமை ஹார்மோன் சுரப்பியை எடுத்து ஐந்தாம் பருவப் பூச்சிக்குள் வைத்தார். சிறகு முளைக்க வேண்டிய பூச்சி, ஆறாவது பருவ ராட்சத இளம்பூச்சியாக வெளிவந்தது. 1954-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் பூட்டெனாண்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தெடுத்தார்கள். இவ்வளவு சொற்பமான பொருள் ஒரு உடம்பையே மாற்றுகிறது என்றால், இதற்கு மேல் யாரைத் தேடுவது என்றுதான் தோன்றும்.

தேட வைத்தது ஜெர்மன் கரப்பான். மைக்ரோ ஆர்என்ஏக்களை நறுக்கித் தயாரிக்க டைசர்-1 என்ற நொதி வேண்டும். பார்சிலோனாவில் சேவியர் பெல்லெஸ் குழுவினர் அதன் உற்பத்தியை முடக்கினார்கள். (முடக்கப் பயன்பட்டதும் ஆர்என்ஏதான்; அந்த வேலை டைசர்-2 என்ற வேறொரு நொதி வழியாக நடப்பதால் கத்தி தன்னையே வெட்டிக்கொள்ளவில்லை.) கடைசிப் பருவத்தைக் கடந்த கரப்பான்கள் மறுபடியும் இளம்பூச்சி போலவே வந்தன. இளமை ஹார்மோன் போன பிறகும் ஏன் இப்படி?

2015-இல் அதே குழு விடை சொன்னது. இளமை ஹார்மோன் தன் வேலையை கேஆர்-எச்1 என்ற மரபணு மூலம் செய்கிறது. ஹார்மோன் நின்றாலும், அதுவரை உருவான கேஆர்-எச்1 தூது ஆர்என்ஏக்கள் செல்லுக்குள் மிச்சம் கிடக்கும். அவற்றைத் துடைத்தெடுப்பது மிர்-2 குடும்ப மைக்ரோ ஆர்என்ஏக்கள். மிர்-2-ஐத் தடுத்தால் உருமாற்றம் கெடுகிறது. டைசர்-1 இல்லாத கரப்பானுக்கு மிர்-2 போன்ற செயற்கை ஆர்என்ஏவைக் கொடுத்தால் உருமாற்றம் மீள்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது சோதனைதான் வழக்கை மாற்றியது. ஒன்றைக் கெடுத்துக் காட்டுவது சுலபம், கெட்டதைச் சரிசெய்து காட்டுவதுதான் கடினம்.

அப்புறம் பழ ஈ. அங்கே லெட்-7 கூட்டத்தைச் சேர்ந்த மைக்ரோ ஆர்என்ஏக்கள் இல்லாவிட்டாலும் ஈ வெளியே வந்துவிடுகிறது, பார்வைக்குப் பழுதில்லை. ஆனால் உதிர வேண்டிய சில வயிற்றுத் தசைகள் அப்படியே இருக்கும். பறப்பதும் இனம் பெருக்குவதும் தடுமாறும். லெட்-7-ஐ முடுக்கிவிடுவதிலும் எக்டைசோனுக்குப் பங்கு உண்டு. அதனால் ஈயை வைத்துப் பார்த்தால் ஹார்மோனுக்கே என் வாக்கு. கரப்பானை வைத்துப் பார்த்தால் அவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன்: எப்போது மாறுவது என்பது ஹார்மோனின் முடிவு, அந்த முடிவு நிறைவேறுவது மிர்-2-இன் கையில்.

பூச்சிக் கட்டுப்பாட்டிலும் இதே இரு தரப்பு. இளமை ஹார்மோனைப் போல நடிக்கும் மெத்தோபிரீன் கொசுப்புழுவுக்குப் பொருத்தம்: கூட்டுப்புழுவோடு கதை முடிந்துவிடும், கடிக்கும் கொசு வராது. பயிரைத் தின்னும் கம்பளிப்புழுவுக்கு அதைத் தெளித்தால் தின்னும் பருவம் நீண்டுவிடக்கூடும். அங்கே எக்டைசோனைப் போல நடித்து அகாலத்தில் தோலுரிக்க வைக்கும் டெபுஃபெனோசைடுதான் சரி. ஆர்என்ஏ தரப்பில், கொலராடோ உருளைக்கிழங்கு வண்டுக்கான லெட்ப்ரோனா 2023 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரட்டை இழை ஆர்என்ஏவால் ஆன மருந்து இது. ஆனால் குறிவைப்பது உருமாற்றத்தை அல்ல, செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரத்தை. வண்டுகளிடம் இந்த உத்தி நன்றாகப் பலிக்கிறது. காய்ப்புழு போன்ற அந்துப்பூச்சிப் புழுக்களின் குடலோ இரட்டை இழை ஆர்என்ஏவை வேகமாகச் சிதைத்துவிடும். காய்ப்புழுவோடு மல்லுக்கட்டும் விவசாயிக்கு இப்போதைக்கு ஹார்மோன் தரப்புதான் கைகொடுக்கும்.