ஜாம் டப்பா மண்டேலாவும் காந்தத்தில் ஒட்டாத இருபது சென்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்களுக்கு ஒரு டீ ரூம். டீக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். ரொட்டி, பால், போன் ரீசார்ஜ் விற்கும் தெருமுனைக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். ராத்திரி கதவைச் சாத்தியதும் கல்லாவைக் கவிழ்த்துச் சில்லறை எண்ணுவது என் வேலை. எது பேங்குக்கு, எது என் டப்பாவுக்கு என்று பிரித்துப் பிரித்தே கண் பழகிவிட்டது.

போன மாதம் மாமா ஒருவர் ஜாம் டப்பாவோடு வந்தார். உள்ளே அத்தனையும் 2008-ஆம் வருஷத்து ஐந்து ராண்ட் காசு, மண்டேலாவின் 90-ஆவது பிறந்தநாளுக்கு வந்தது. "ஒண்ணு ஆயிரக்கணக்குல போகுதாமே தம்பி, யார் வாங்குவா சொல்லு" என்றார். எண்ணினேன். 43 இருந்தது. "215 ராண்ட் மாமா" என்றேன். முகம் வாடிவிட்டது.

அவர் கேள்விப்பட்டது முழுப் பொய்யும் இல்லை. காசு அச்சடிக்கும் மின்ட்டிலிருந்து நேராக வந்து, கைபடாமல், 70 வரை போகும் அளவுகோலில் தரம் குறித்து பிளாஸ்டிக் உறையில் அடைத்த காசுகள் ஒரு காலத்தில் பெரிய விலைக்குப் போயின. நம் கல்லாவில் உருண்ட காசு அந்த ஜாதி இல்லை. மினிபஸ் டாக்சியில் பத்துக் கை மாறி, சாவிக்கொத்தோடு பாக்கெட்டில் உரசி, மடிபாவின் (மண்டேலாவை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கன்னம் முழுக்கக் கீறல். அச்சடித்ததோ லட்சக்கணக்கில். போதாததற்கு ஊரே எடுத்து வைத்திருக்கிறது. ஊரே பதுக்கும் காசு எப்படி அரிதாகும்? புழங்கிய காசுக்கு முகமதிப்புதான் என்று மின்ட்டே சொல்லியாயிற்று. 2018-இல் நூற்றாண்டுக்கு வந்த மண்டேலாவுக்கும் இதே கதைதான்.

மண்டேலா ஒன்று வேண்டும் என்று மனசு கேட்டால், நான் எடுப்பது 2000-ஆம் வருஷத்துச் சிரித்த முகம். 2004-இல் ஐந்து ராண்ட் இரட்டை உலோகமானது; இது அதற்கு முந்தைய, முழுக்க வெள்ளை நிறக் காசு. கல்லாவில் இப்போது அபூர்வமாகத்தான் விழுகிறது, தேயாதது அதைவிட அபூர்வம். அதற்காக விலை ஏறும் என்று நான் சொல்லவில்லை.

சேர்க்கும் சுகத்துக்கு என்றால் 2019 காசுகள் மண்டேலாவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஜனநாயகத்தின் 25 வருஷத்துக்காக இரண்டு ராண்டில் ஐந்து விதம் வந்தது: கல்வி, குழந்தைகள் உரிமை, மதச் சுதந்திரம், சுற்றுச்சூழல், நடமாடும் சுதந்திரம். கூடவே 1994 ஓட்டு வரிசை வளைந்து வளைந்து நிற்கும் ஐந்து ராண்ட் ஒன்று. ஆறையும் கல்லாவிலிருந்தே தேற்ற வேண்டும், காசு கொடுத்து வாங்கக் கூடாது என்பது வீட்டில் சட்டம். கடைசி ஒன்றுக்கு எட்டு மாதம் காத்திருந்தோம்.

அதைவிட மலிவான பைத்தியம் ஒன்று உண்டு. 1996-லிருந்து நாட்டின் பெயர் காசுக்குக் காசு வேறு மொழியில் வருகிறது. ஒன்றில் அஃபுரிகா ட்ஷிபெம்பே, இன்னொன்றில் அஃப்ரிகா போர்வா. பத்து சென்ட் காசிலேயே எத்தனை மொழி கிடைக்கிறது என்று தேடலாம், செலவே இல்லை. தமிழ் எதிலும் வராது. அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவில், வளர்த்து மதிக்க வேண்டிய மொழிகளோடு தமிழின் பெயரும் இருக்கிறது; காசுக்கு வர அது போதவில்லை.

2023-இல் வந்த புதுக் காசுகளில் தேனீ, திமிங்கலம் எல்லாம் அழகுதான். பளபளப்பு போவதற்குள் தலா ஒன்று எடுத்து வைத்தால் போதும், மூட்டை கட்ட வேண்டாம்.

இனி, உண்மையிலேயே உலோகம் இருக்கும் இடம். அது கல்லா இல்லை, ஆயாவின் டப்பா. எங்கள் ஆயா காமாட்சி விளக்குக்கு அடியில் பழைய காசுகள் வைத்திருந்தார். ஒரு நாள் ஃப்ரிட்ஜ் காந்தத்தைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கேப்பில் டச்சுக் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜான் வான் ரீபெக்கின் அதே முகம் போட்ட இரண்டு இருபது சென்ட். ஒன்று டக்கென்று தாவி ஒட்டியது, மற்றது அசையவே இல்லை. ஒட்டியது 1965, நிக்கல். ஒட்டாதது 1961. அந்த வருஷத்திலிருந்து 1964 வரை ஐந்து சென்ட் முதல் ஐம்பது சென்ட் வரை பாதி வெள்ளி. ஐம்பது சென்ட் 28 கிராமுக்குக் கொஞ்சம் மேல் நிற்கும்; உள்ளே 14 கிராம் வெள்ளி! 1965-இல் தொடங்கிய வெள்ளி ஒரு ராண்ட் 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. அந்த டப்பா முழுக்க மண்டேலா இருந்தாலும் இந்த ஒரு ராண்டுக்குத்தான் என் கை முதலில் போகும்.

ஒரு சென்ட், இரண்டு சென்ட் 2002-லும் ஐந்து சென்ட் 2012-லும் நின்றுபோயின. அவற்றிலும் காந்தம் பேசும்: 1990-க்குப் பிந்தையவை செம்பு பூசிய எஃகு, ஒட்டும். அதற்கு முந்தைய ஒரு சென்ட்டும் இரண்டு சென்ட்டும் பெரும்பாலும் வெண்கலம், ஒட்டாது. வெண்கலம் என்பதால் பணக்காரர் ஆகப்போவதில்லை. கைக்கு இதம், அவ்வளவுதான்.

ஆயா தீபாவளிக்கு விளக்கோடு சேர்த்துக் காசுகளையும் புளி போட்டுத் தேய்த்திருந்தார். சேர்ப்பவர்கள் தேய்த்த காசை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். வெள்ளியின் எடைக்கு மட்டும் மதிப்பு போகவில்லை.

ஜாம் டப்பா மாமாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். எனக்கும் கல்லாவில் சில்லறைத் தட்டுப்பாடு, நோட்டாகத் தரட்டுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துத் தலையாட்டினார். 210-க்கு நோட்டு எண்ணிக் கொடுத்தேன். மீதி ஐந்துக்கு நோட்டு கிடையாதே. "ஒரு காசைத் திருப்பி எடுத்துக்குங்க மாமா" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குவியலை விளக்கு வெளிச்சத்தில் பரப்பி, கன்னத்தில் கீறல் இல்லாத மடிபாவைத் தேட ஆரம்பித்தார்.